கிரைண்டர் நின்ற மதியம்

“குழலி ஓடிப்போச்சுன்னு எவ சொன்னது? அந்த வாயி அழுகிப்பூடும்!” குழாயடியில் குடத்தை நங்கென்று வைத்தாள் கோவிந்தம்மா. “நடந்து போச்சு. பட்டப்பகல்ல. இடுப்புல கம்பூட்டர வச்சிகினு எவளாச்சும் ஓடுவாளா?”

“தமீமு ஆட்டோலதானே போச்சு?” என்றாள் ரமாபாய். “ஒரு வாரமா கதவயும் சாத்திக்கினு கெடந்துது.”

“தொறந்து வச்சா மிசின்ல சாம்பல் பூந்துடும்டி. உன் கொடியில காயற துணியப் பாரு, தெரியும்.”

அனல்மின் நிலையம் இருக்கிற எண்ணூரில் சாம்பலுக்கு சாட்சி தேவையில்லை. சாத்திய கதவுக்குள் நடந்தது என்னவென்று, அடுத்த வீட்டில் சுவரை ஒட்டிக் குடியிருந்த கோவிந்தம்மாவை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

மாடிவீட்டு குணசேகரன் மகள் கார்குழலிக்கு ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலை. துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கான எடை புரோகிராம். ஒரே லாரியை இரண்டு முறை எடை பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கேட் திறக்கும். சில நாள் ஒன்றாக இருந்தும் திறக்கவில்லை. லாரிகள் மணலி ரோடு வரை நின்றன. இரண்டையும் ஒப்பிடும் வரியை எழுதியது குழலி. “சரி பண்ணிட்டு வா, இல்லன்னா வராதே” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மேலதிகாரி அருள்பிரகாசம்.

தப்பைத் தேட மெமரி செக்கர் என்ற ஒன்றை ஓடவிட்டாள். கம்ப்யூட்டர் நினைவகத்தில் யாரும் எதுவும் எழுதாத இடத்தை புரோகிராம் படித்தால் அது கத்தும். கத்தியது, அவளுடைய அதே வரியில். ஆனால் இரண்டு எடையையும் திரையில் போட்டுப் பார்த்தால் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கம் வரை ஒன்றேதான். எழுதாத இடம் எங்கே இருக்கிறது? அந்தப் பெண் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். தோசை கொண்டுபோன கோவிந்தம்மாதான் ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள்.

எண்ணை எண்ணாகப் பார்க்காமல், அது சேமித்திருக்கும் சிறுசிறு துண்டுகளாக, பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்த அன்றுதான் அவள் முகம் தெளிந்தது.

“யக்கா, எண்ணுக்கு பத்து பைட் போதும். அதுக்கு ஒதுக்கின எடம் பன்னெண்டு. மீதி ரெண்டுல பழைய குப்பை.”

“கெடக்கட்டுமே. அது யார இன்னா பண்ணுது?”

“நான் எண்ண மட்டும் பார்க்காம, எடம் மொத்தத்தையும் ஒப்பிட்டுட்டேன்க்கா. அதான் கேட்டும் தெறக்கல, இதுவும் கத்துது.”

“காசிமேட்டுல ரெண்டு பெட்டிலயும் ஒரே மீனு. அடியில கெடக்கிற வைக்கோல் வேறயா கீதுன்னு, மீனே வேறன்னு சொல்லிட்டியா?”

“ஆமாக்கா.”

“நல்லா படிச்ச போ.”

வரியைத் திருத்துவது ஒரு நொடி வேலை. திருத்தியது சரிதானா என்று பார்க்க, ஒரு முழு நாள் எடைகளையும் செக்கரோடு ஓட்ட வேண்டும். அது ஆமையாய் நகரும். மதியம் முழுக்க ஆகும். அதே லைனில் மாவு அரைத்து விற்கும் கோவிந்தம்மா கிரைண்டரைப் போட்டதும் கரண்டு தொய்ந்து கம்ப்யூட்டர் அணைந்துபோனது. மறுநாளும் அப்படியே.

“யக்கா, ஒரே ஒரு மதியம் கிரைண்டர நிறுத்தேன்.”

“அரிசி ஊறிகினு கீது. சாயங்காலம் கிண்ணத்தோட வந்து நிக்கறவங்களுக்கு உன் தலையையா குடுப்பேன்?” கதவை அறைந்துவிட்டு உள்ளே போனாள்.

போனவள் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். ஊறிய அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு படியிறங்கி, மாடிப்படிக்குக் கீழே எவரும் தொடாமல் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி, முட்டியை மடக்கி உட்கார்ந்தாள். அந்தக் குண்டு உடம்போடு, போகிறவன் வருகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டே ஆட்டினாள்.

உளுந்து பாதி ஆட்டும்போது மேலேயிருந்து குழலி ஓடிவந்தாள்.

“கத்தலக்கா! ஒரு வாட்டி கூட கத்தல.”

“நல்லதாப் போச்சு. எனக்குத்தான் தோள்பட்டை கத்துது.”

குழலி எதிரே உட்கார்ந்தாள். குழவியை வாங்கி, மீதியை அவளே ஆட்டி முடித்தாள்.

வாய்ச்சொல்லை அருள்பிரகாசம் நம்பமாட்டார் என்று மறுநாள் காலை கம்ப்யூட்டரையே பழைய புடவையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கீழ்வீட்டுத் தமீம் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்திருந்தான்.

“கதவ சாத்திட்டுப் போடி, சாம்பல் வருது!” என்று கத்தினாள் கோவிந்தம்மா.

“மிசின்தான் என் கையில கீதேக்கா!” சிரித்தபடி, கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு, நடந்தே படியிறங்கினாள் குழலி.