இஞ்சுடேப்பின் நூறு பேர்

இஞ்சுடேப்பைத் துரத்திவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் வாயை முதலில் கழுவிக்கொண்டு வரட்டும். வீடு விற்கும் கம்பெனியில் ஆறு வாரம் தாங்கவில்லையாம், ஒரு கோழிக்கூண்டுகூட விற்கத் துப்பில்லையாம். எதிர்வீட்டுக்காரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொல்கிறாள், "ஊசி பிடிச்ச கைக்கு உத்தியோகம் எதுக்குன்னு அப்பவே சொன்னேன்." சொன்னவள் போட்டிருக்கிற உடுப்பை யார் தைத்தது என்று கேட்டால் மட்டும் காது கேட்காது.

இஞ்சுடேப் என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். பதினெட்டு வருஷம் தைத்தாள். தெருப் பெண்களின் இடுப்பளவு அத்தனையும் அவள் நோட்டில் இருந்தது. ஒருத்தியின் அளவை இன்னொருத்தி அவளிடம் கேட்டு அறிந்தது உண்டா? "அது துணிக்கும் எனக்கும் உள்ள பேச்சுக்கா" என்பாள். உதட்டோரம் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். ஊசியும் விழாது, ஊர்க்கதையும் விழாது.

வீடு விற்க லைசென்ஸ் வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு. புத்தகத்தைத் தையல் மிஷின் மேல் விரித்துவைத்து, கால் மிதிக்க மிதிக்கப் படித்தாள். நிறுத்திய பக்கத்துக்குக் குண்டூசிதான் அடையாளம். முதல் தடவை போயிற்று. இரண்டாம் தடவையும் போயிற்று.

"இன்னொரு தடவை எழுதினா பேப்பரே உன்னைப் பாத்து அழும்" என்றான் புருஷன்.

"அழட்டும், துடைக்கத் துணி இருக்கு" என்றாள்.

மூன்றாவதில் தேறினாள். லைசென்ஸ் அட்டையில் தன் படத்தைப் பார்த்து, காலர் கோணலாக இருக்கிறதே என்றுதான் வருத்தப்பட்டாள்.

வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு நீளத் தாளை நீட்டினான். "தெரிஞ்சவங்க நூறு பேரோட பேரும் போன் நம்பரும் எழுதுங்கம்மா. புதுசா வர்ற எல்லாரும் எழுதணும்." அளவு நோட்டைப் பார்த்து எழுதினாள். யார் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், யாருக்கு ரிட்டயர்மெண்ட் பணம் வந்திருக்கிறது என்றுகூடப் பக்கத்தில் குறித்தாள். கேட்டதும் கொடுத்தது அவள் தப்புதான். அதை யாரும் மறைக்கவில்லை.

ஆறாவது வாரம், புதுப் பெயிண்ட் அடித்த ஓர் அடுக்குமாடிக்குச் சாவி கொடுத்தான். கீழ்த்தள வீடுகள் மட்டும் விலைபோகாமல் கிடந்தன. வரைபடத்தை நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. டேப்பை எடுத்துச் சுவர் சுவராக அளந்தாள். பிளக் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. கீழே முழங்கால் உயரத்தில் பழைய பிளக் குழிகளைப் பூசி அடைத்திருந்தார்கள். வாட்ச்மேனைக் கேட்டாள். "மழைக்கு மழை இது வரைக்கும் தண்ணி வரும்" என்று தன் தொடையைத் தட்டிக் காட்டினான்.

நேரே ஆபீசுக்கு வந்தாள். முதலாளி கையில் அவள் எழுதிய தாள் இருந்தது.

"மழைக்கு முன்னாடி கீழ்த்தளத்தை முடிச்சிடணும். உங்க லிஸ்டுல இருந்தே ஆரம்பிங்க."

"அங்க தண்ணி ஏறும் சார். சொல்லித்தானே விக்கணும்? பரீட்சையிலயே கேட்டாங்க."

"பரீட்சை முடிஞ்சிருச்சும்மா. வெளியாளு ஆயிரம் கேள்வி கேப்பான். தெரிஞ்சவங்க கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் லிஸ்டு."

கேட்டுக்கொண்டீர்களா? இதற்குத்தான் அந்த நூறு பேர். எதிர்வீட்டுக்காரி பெயர் ஏழாவது. 'வாடகை, சேமிப்பு உண்டு' என்று பக்கத்தில் குறிப்பு வேறு. மழைக்குக் குட்டையாகிற அந்த வீட்டை இவள் அவள் தலையில் கட்டியிருந்தால் கெட்டிக்காரி என்று கொண்டாடியிருப்பாள், முதல் மழை வரைக்கும்.

"தாளைக் குடுங்க சார்."

"இது கம்பெனியோடது. எடுத்தா வேலை கிடையாது. வேற எவனும் உங்களைச் சேத்துக்காதபடி பாத்துக்குவேன். அந்த லைசென்ஸை வெச்சு விசிறிக்கலாம்."

ரெண்டு வருஷப் படிப்பு அந்த ஒரு பேச்சில் தொங்கிற்று. அவள் தாளைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. கிழிந்தது. பெரிய பங்கு இவள் கையில். பையை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டியவள், கையிலிருந்ததைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு மூலையைக் காணோம். திரும்பி உள்ளே வந்தாள். மூடியிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.