சிவப்புக் குமிழைத் திருகிய கை

இன்று காலை என் மனைவி என் கையிலிருந்த போனைப் பறித்துவிட்டார்!

விமானம் ஓட்டும் வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பைலட் ஒரு சிவப்புக் குமிழை மெல்ல வெளியே இழுத்தார். என் பெருவிரல் தன்பாட்டில் போய், அந்தக் குமிழை உள்ளே தள்ளப் பார்த்ததாம்!

"என்னப்பா செய்யிறியள்? கண்ணாடி உடையப்போகுது!"

எனக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. எண்பத்துமூன்று வயதிலும் அந்தப் பயம் போகவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. நான் கிளிநொச்சியில் டிராக்டர் மெக்கானிக். கரும்புகை கக்கும் டிராக்டரைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. டீசலைக் குறைத்து, புகையை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. (தலைக்கனம் கொஞ்சம் உண்டு!)

குளங்களை மேலிருந்து படம் பிடிக்க வவுனியாவுக்கு ஒரு சின்ன விமானம் வந்திருந்தது. அதன் பைலட்டின் ஜீப் நடுவழியில் நின்றுவிட, நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

"நாளைக்கு வாருமன், மேலை ஒரு சுத்துச் சுத்திப் பாப்பம்."

போனேன்! அவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே ஏறினேன்!

அது டர்போ எஞ்சின். வெளியேறும் புகையின் விசையாலேயே ஒரு விசிறி சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும், அதனால் உயரத்திலும் பலம் குறையாது என்று பைலட் கத்திக் கத்திச் சொன்னார். நான் எங்கே கேட்டேன்? என் கண் பெற்றோல் ஓடும் அளவைக் காட்டும் ஊசியில்தான். விமானம் மேலே ஏற ஏற, அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது!

"ஐயா, இந்தச் சிவப்புக் குமிழ் என்ன?"

"பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. தொட்டிடாதையும்!"

சொல்லிவிட்டு, கீழே குளத்தைப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நான் மெல்ல நாலு திருகு திருகிவிட்டேன். குமிழ் கொஞ்சம் வெளியே வர, பெற்றோல் ஊசி இறங்கியது. (நல்லெண்ணம்தான், சத்தியமாக!)

கனகராயன்குளம் தாண்டியதும் அவர் முகம் மாறியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி, சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டுக் குளிரட்டும் என்று விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார். ஊசி கேட்கவில்லை.

"ஏதோ பழுது. திரும்புறன். வவுனியா போகுமட்டும் தாங்குமோ தெரியேல்லை."

கீழே முழுக்கக் காடு. இறங்க ஒரு வயல்கூட இல்லை.

எரிபொருளைக் குறைத்தால் சூடு குறையத்தானே வேண்டும்? என் டிராக்டரில் அப்படித்தானே!

சொல்ல வெட்கம். சொல்லாவிட்டால் சாவு.

"ஐயா... நான்... அதைக் கொஞ்சம் திருகினனான்."

"என்ன!!"

குமிழை ஒரே தள்ளாக உள்ளே தள்ளினார். ஊசி நின்றது. பிறகு, மெல்ல மெல்ல இறங்கியது.

ஓடுபாதையில் வந்து நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

"மேலை ஏறேக்கை ஊத்திற அந்தக் கூடுதல் பெற்றோல் எரியிறதுக்கில்லை, ஐசே. எஞ்சினைக் குளிர வைக்கிறதுக்கு! குறைச்சால் பிஸ்டன் ஓட்டையாப் போகும். நீர் இன்னும் கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் இருந்திருந்தால், ரெண்டு பேரும் காட்டுக்கை விழுந்திருப்பம்."

நான் இறங்கி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வளவையும் இன்றுதான் மனைவியிடம் சொன்னேன். வாயில் கை வைத்தபடி கேட்டார். கண் கலங்கியது. நல்லவேளை தப்பினீர்கள் என்று சொல்வார் என்று பார்த்தால்...

"மிச்சம் பிடிக்கப்போய்ச் சாகப் பாத்த மனிசன், இன்னும் ஏனப்பா குசினிக்கை வந்து என்ரை அடுப்பைக் குறைக்கிறியள்?"

நண்பர்களே, ஒரு நல்ல பதில் உடனே தேவை. குசினி வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறார்!