ரேஷன் கடைச் சுவரில் ஏழு இருபது

மலையாள எல்லையோரத்து எங்கள் ஊருக்குள் முதல் அரசு பஸ் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதைக் கொண்டுவந்தது அத்தை, என் அப்பாவின் தங்கை. கொண்டுவர வைத்தது அப்பா. அது அவருக்கே தெரியாது.

நெய்யாற்றின்கரைக்குப் போய் டைப்ரைட்டிங் படிக்க வேண்டும் என்று அத்தை கேட்டாள். ரப்பர் தோட்டத்துக்குள் தனியாக நடந்து பனச்சமூட்டில் போய் பஸ் ஏறுவதெல்லாம் நடக்காது என்றார் அப்பா. "நம்ம ஊருக்குள்ள பஸ்ஸு வந்து நிக்கட்டு, அப்போ போ." இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் இப்படிச் சில வழிகள் உண்டு. அத்தையோ அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். மலையாளத்தில் மனு எழுதி, வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கி, டிப்போவுக்கு நடையாக நடந்தாள். ஒரு மழைக்காலத்துக் காலையில் பஸ் வந்தே விட்டது. காலை ஏழு இருபதுக்குப் போகும், மாலை ஆறு பத்துக்குத் திரும்பும். ஓணம் வரைக்கும் சோதனை ஓட்டம். ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பஸ் நின்றால் அத்தையும் வீட்டோடு நிற்க வேண்டியதுதான்.

ஊர் அந்த பஸ்ஸைக் கொண்டாடியது. குருத்தோலை கட்டியது, தேங்காய் உடைத்தது. ஏறத்தான் இல்லை. யார் டவுனுக்குப் போனாலும் அவர் கையில் ஒரு பொதி கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது தினமும் டவுனுக்குப் போகிற ஒருவர் கிடைத்துவிட்டார், நான்கு சக்கரத்தோடு. கட்டிக்கொடுத்த மகளுக்கு வாழைக்குலை, மாமனாருக்கு இருமல் மருந்துச் சீட்டு, யாருக்கோ மரச்சீனிக் கிழங்கு. முன்பெல்லாம் இதற்காகவாவது ஒரு ஆள் போக வேண்டியிருந்தது. பஸ் ஒழுங்காக ஓட ஓட ஆள் குறைந்தது.

கண்டக்டர் நல்லவர், மறுக்கத் தெரியாதவர். "அம்மச்சீ, ஈ மரச்சீனி டிக்கெட்டெடுக்குமோ?" என்று மட்டும் மலையாளத்தில் கேட்பார். தெற்கு வீட்டு மாமி சளைக்கமாட்டாள். "அது எடம் கேக்குமா, சண்டை போடுமா? அதுக்கு என்னத்துக்கு டிக்கெட்டு?"

காலியாக ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மாதம் டைப்ரைட்டிங் போய்வந்த அத்தை, கண்டக்டரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை முதல் ஆள் ஏறினால்தான் பொதி ஏறும். மாமி எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டாள்.

"பஸ்ஸு என்ன, ஒனக்க சீதனமாக்கும்?"

"ஆமா மாமி, எனக்குக் கிடைச்ச சீதனம் அதுதான். ஒங்க மவள வாழக்குலை வாராவாரம் போய்ப் பாத்துட்டு வருது. நீங்க எப்போ பாத்தீங்க?"

திங்கட்கிழமை மாமி குலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். மாலையில் இறங்கியபோது முகம் வேறாக இருந்தது. மகள் பாதியாக மெலிந்துவிட்டாளாம். திரும்பி வந்த வெறும் பைகளில் ஒன்றுகூட அதைச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வாரமே மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரிகள் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள்.

அத்தை அதோடு விடவில்லை. ரேஷன் கடையின் வெட்டுக்கல் சுவரில், இரண்டு மொழியிலும், தேங்காய்க் கதம்பைத் தும்பைத் தூரிகையாக்கிச் சுண்ணாம்பில் முக்கி எழுதினாள்: நெய்யாற்றின்கரை, காலை 7.20. சுண்ணாம்புச் சட்டி என் கையில்.

"அத்தே, திரும்பி வாற நேரம் எழுதேலியே?"

"போறதுக்குத்தான் மக்கா ஆளக் கூப்பிடணும். வாறவங்க தன்னால வந்துருவாங்க."

ஓணத்துக்கு முந்தைய வாரம் டிப்போ அதிகாரி ஒருவர் பார்வையிட ஏறினார். நிற்க இடமில்லை. யாரோ ஓர் அக்கா சேனைக்கிழங்குப் பையை அவரிடம் நீட்டி, "ஒண்ணு பிடிச்சுக்கிடுங்க சாரே" என்றாளாம். பஸ் நிரந்தரமானது.

ஓணம் கழிந்த திங்கட்கிழமை அத்தை வழக்கமான பையோடு ஏறினாள். ஆறு பத்து பஸ்ஸில் மாமி இறங்கினாள், மற்றவர்கள் இறங்கினார்கள், அத்தை இறங்கவில்லை. பத்து நாள் கழித்து பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்துவிட்டாளாம். அப்பா அதை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அத்தை திரும்பி வராததன் காரணம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. குறை சுவரில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே மிச்சச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். ஏழு இருபதுக்குக் கீழே, எட்டிய உயரத்தில், விரலாலேயே எழுதினேன்: திரும்பும் நேரம், 6.10. விரல் நுனி எரிந்தது.

திரும்பினால், பின்னால் அப்பா. அடிதான் என்று நினைத்துக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் கீழே கிடந்த பழைய தும்பை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கி, நான் எழுதிய எண்களின் மேலேயே மறுபடியும் எழுதினார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு, தடிமனாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

என் கையெழுத்து கோணல் என்பதால்தான் திருத்துகிறார் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.