கேட்காமல் சேர்த்த வேண்டுதல்கள்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை ‘உண்டியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரி போட்டு மடிப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவள், தலை நரைத்த பிறகும் அங்கேதான் நின்றாள். கழித்துப் போட்ட விரிப்பைக் கேட்டு வாங்கி வந்து தலையணை உறை தைப்பாள். உறை கிழிந்தால் கைக்குட்டை, அதுவும் கிழிந்தால் கரித்துணி. அவள் வீட்டுக் குப்பைத்தொட்டி பாதி நாள் பட்டினி கிடக்கும்.

காசை மட்டுமா சேர்த்தாள்? கடவுளிடம் கேட்பதையும் சேர்த்து வைத்தாள். தினமும் கும்பிடுவாள், நன்றி சொல்வாள், எதையும் கேட்க மாட்டாள். கேட்கக் கேட்கத் தீர்ந்துபோகும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். பெரிதாக ஏதாவது வரும், அன்றைக்கு மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

புருஷன் நேர்மாறு. லாரி ஓட்டியவர், ஓட்டைக் கை. ஆண்டவனைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போகிறவர்போல் பேசுவார். “சிக்னல் விழாம இருக்கட்டும் ஆண்டவனே. டீ சூடா கிடைக்கட்டும் ஆண்டவனே.” அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அவரைக் கூப்பிடாதீங்க. நிஜமா வேணுங்கறப்ப திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு.”

“அதுக்குத்தான் நீ இருக்கியே. உன் பேர்ல எவ்வளவு கிடக்கு!” என்பார்.

அப்புறம் பட்ட காலிலேயே பட்டது. மலைபோல் நம்பி அவள் பணம் போட்டிருந்த சேமிப்புச் சங்கம் ஒரு திங்கட்கிழமை ஷட்டரை இறக்கியது. மேலாளரைக் காணவில்லை. கூட்டம் கல்லெறிந்தது, அழுதது, கலைந்துபோனது. அந்த வாரமே புருஷனுக்கு நெஞ்சு அடைத்தது. ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொன்னார்கள். “மாத்திரையை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா” என்றார் டாக்டர்.

வாழ்க்கையில் கடன் கேட்காதவள் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். “உண்டியலுக்கே பணமில்லையா?” என்று கூடப்பிறந்த தம்பியே சிரித்தான். பிறகு அவன் போனை எடுக்கவில்லை. கூட நின்று விரிப்பு மடிக்கிறவள் மட்டும் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவர் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“ஏங்க, இன்னிக்கு ஒண்ணுமே கேக்கலையா?”

“என் பங்கு தீந்துபோச்சு. இனி நீதான் கேக்கணும். ஒரு தடவைகூடக் கேக்காதவ. நீ கேட்டா தட்டுவாரா?” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அந்த நிம்மதியைப் பார்க்க அவளால் முடியவில்லை. உடைந்த சக்கர நாற்காலிகள் கிடந்த படிக்கட்டு மூலைக்குப் போய்க் கைகூப்பி நின்றாள். வாய் வரவில்லை. பணத்தைக் கேட்பதா, உயிரைக் கேட்பதா? பணம் கிடைத்தும் உயிர் போய்விட்டால்? இத்தனை வருஷத்துச் சேமிப்பை ஒரே வார்த்தையில் தொலைத்துவிட்டால்? அங்கேயும் கணக்குப் போட்டாள் பாவி.

கடைசியில் ஆத்திரம்தான் வந்தது. “சங்கத்துல போட்ட மாதிரிதானே உங்ககிட்டயும் போட்டேன்? நீங்களும் கதவைச் சாத்திட்டீங்களா?”

அவளுக்குப் பயமாக இருந்தது. சங்கத்து மேலாளரை எவ்வளவு தெரியுமோ, ஆண்டவனையும் அவ்வளவுதான் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள், ஒருநாளும் நம்பிக் கை நீட்டியதில்லை.

“அம்மா, சீக்கிரம் வாங்க, அவருக்கு மூச்சு இழுக்குது!” என்று நர்ஸ் கத்தினாள்.

ஓடினாள். முகத்தில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். கேட்டாயா என்பதுபோல் அவர் கண் அவளைத் தேடியது. பொய் சொல்ல வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்க, வாய்விட்டுக் கேட்டாள். “பெரிசா கேக்க எனக்குத் தெரியலப்பா. இன்னிக்கு மட்டும் இந்த மூச்சு நிக்கக் கூடாது. நாளைக்கு வேணுங்கறதை நாளைக்குக் கேக்கறேன்.”

வெள்ளிக்கிழமை விடிந்தது. பணம் வரவில்லை. மூச்சு இருந்தது. அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஆண்டவனிடம் மறுபடி கை நீட்டினாள்.

“இன்னிக்கும்.”