சோப்பு வளையத்தின் சாட்சி

தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று சொன்னாலே போதும், அந்தப் பையன் தெருவையே கூட்டிவிடுவான். நுரை கண்ணில் இறங்கும் என்று அவனுக்கு அப்படியொரு பயம். அப்போது அவனுக்கு மூன்று வயது. தகப்பன் போய்ச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. புகுந்த வீட்டில் விதவையின் பிள்ளை அழுதால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். "அவனை அடக்கேன்" என்று யாராவது உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள்.

ஒருநாள் அவன் அம்மா குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து, கிழிந்துபோன ஸ்பாஞ்ச் பாயை வட்டமாக வெட்டினாள். துணி தைத்துக் கொடுப்பவள் என்பதால் தெருவில் அவளுக்குத் தையல்காரி என்றே பெயர். அன்று கைக்குக் கிடைத்ததோ மழுங்கல் கத்தரி. வெட்டுப்படாத மிச்சத்தைப் பல்லால் கடித்து இழுத்தாள். நடுவில் தலை நுழைய ஓட்டை, ஓட்டையைச் சுற்றி எலாஸ்டிக். மாட்டிவிட்டு, கை நடுங்க ஒரு குவளை ஊற்றினாள். தண்ணீர் முகத்தில் படாமல் தோளைத் தாண்டி விழுந்தது. பையன் கண்ணைத் திறந்து, "இன்னொண்ணு ஊத்து" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அவள் கணவனின் அண்ணன் பக்கெட் மூடி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். வளையத்தைப் பார்த்ததும் அச்சு செய்து, ரப்பரில் அடிக்கத் தொடங்கினார். விற்கக் கிளம்பியவள் அவர் மனைவி. தெரு அவளுக்கு வைத்த பெயர் வானொலி. மொட்டைத் தலையனுக்கும் சீப்பு விற்கிற வாய்.

பொருட்காட்சியில் பையனை ஸ்டூலில் உட்காரவைத்து, வளையத்தை மாட்டி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே வானொலி ஆரம்பிப்பாள். "இதோ இவன்தாங்க, கண்ணெரியுதுன்னு ஒருநாள் கதறுறான். எனக்கு மனசு தாங்கல. பழைய பாயை எடுத்தேன், கத்தரியை எடுத்தேன். அப்புறம் பெரியம்மா என்னடா செஞ்சேன்?"

"வெட்டுனீங்க!" என்பான் பையன். கூட்டம் சிரிக்கும். வளையம் விற்கும்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "என்னக்கா, நீங்க வெட்டுன மாதிரி சொல்றீங்களே?"

"அடி போடி. என் ஓரகத்தி வெட்டுனான்னு ஆரம்பிச்சா, அவ எங்கன்னு கேப்பாங்க. கதை நீளும், ஆள் கலைஞ்சிடும். யார் சொன்னா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே வருது?"

நியாயம்தான் என்று பட்டது அந்த அப்பாவிக்கு. அவள் பட்டறைப் பின்னறையில் எலாஸ்டிக் கோத்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை சீவி, பொருட்காட்சி தோறும் அவளே அனுப்பிவைத்தாள்.

பையனுக்கு ஆறு வயதானபோது ஒரு பெரிய கம்பெனிக்காரர் தேடி வந்தார். இந்த யோசனையை வாங்கிக்கொள்கிறோம், கண்டுபிடித்தவர் யாரோ அவரிடம்தான் பேசுவோம் என்றார். தையல்காரிக்கு மனதில் ஒரு தனி அறை தெரிந்தது. தாழ்ப்பாள் அவள் கையில். பிள்ளை வாய்விட்டு அழலாம், யாரும் அடக்கச் சொல்லமாட்டார்கள். "நான்தான்" என்றாள். வானொலியும் "நான்தான்" என்றாள். இதில் வானொலி பொய் சொன்னாள் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லிச் சொல்லி, முதலில் நம்பியவளே அவள்தான்.

மாமனார் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. குழந்தை பொய் சொல்லாது. அவன் சொல்றதுதான் முடிவு. சம்மதமா?"

தையல்காரி முந்திக்கொண்டு தலையாட்டினாள். பைத்தியக்காரி! பெற்ற பிள்ளை, வளையத்துக்கு முதலில் தலை கொடுத்தவனும் அவனே. இதைவிடச் சாட்சி உண்டா?

"பெரியம்மாதான் தாத்தா" என்றான் பையன். யாரும் சொல்லிக்கொடுத்த முகமாக அது இல்லை. "குளியலறை வாசல்ல உக்காந்து வெட்டுனாங்க. கத்தரி சரியா வெட்டல, பல்லால இழுத்தாங்க. தண்ணி ஊத்துறப்ப கை நடுங்குச்சு."

பொருட்காட்சிக் கதையில் பல்லும் கிடையாது, கை நடுக்கமும் கிடையாது. அம்மாவின் பல், அம்மாவின் கை. பிள்ளை எதையும் மறக்கவில்லை. முகத்தை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தான்.

"அப்போ உங்கம்மா எங்கடா?"

"பட்டறையில தைச்சுக்கிட்டு இருந்தாங்க."

"ஆச்சு" என்று மாமனார் எழுந்தார்.

தையல்காரி பையனை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். "நல்லா யோசிடா. வெட்டுனது யாரு?"

"பெரியம்மா."

"இன்னொரு தடவை யோசி. அம்மா இல்ல?"

பையன் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தான். கண் கலங்கியிருப்பதைப் பார்த்தான். "நீதான்மா" என்றான் மெதுவாக. "கண்ணாடி போட்டுக்கிட்டு, அழுதுக்கிட்டே வெட்டுன."

அவள் கண்ணாடி போட்டது போன வருஷம்தான்.

இன்னும் நாலு தடவை கேட்டால் போதும், இதையும் அதே தெளிவோடு தாத்தாவிடம் சொல்லுவான். அது அவளுக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது, தன்மேலேயே.

"சரியா சொன்னேனாம்மா?" என்றான். "தாத்தாகிட்ட போய் இப்படியே சொல்லட்டுமா?"

அவள் அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"வேண்டாம்" என்றாள். "பெரியம்மாதான் வெட்டுனாங்க. நீ சொன்னதுதான் சரி."