குண்டூசி தேர்ந்தெடுத்த மூன்று கல்லூரிகள்

கிழிந்த பையின் ஓரத்தில் விரல்கள் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தன. வெள்ளைக் கோட்டு, டாக்டருக்குப் படிப்பவர்கள் போடுவது. வலது பக்கப் பை பிய்ந்து, கூடவே கொஞ்சம் துணியையும் இழுத்துக்கொண்டு தொங்கியது. விரல்களின் சொந்தக்காரி நூல் துணுக்குகளை ஊதித் தள்ளிவிட்டு, பையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அத்தை, இந்தக் காலேஜுக்குத்தான் அப்ளிகேஷன் போடணும்,” என்றாள், வாயில் ஊசிகளோடு. அந்தப் பழக்கத்தால்தான் கடையில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

“கோட்டப் பாத்தே காலேஜ் தெரிஞ்சிடுமா?”

“பெரிய காலேஜ் கோட்டெல்லாம் பாருங்க, மடிப்புகூடக் கலையாம வருது. உக்காந்து பாடம் கேட்டுக்கிட்டே இருக்காங்கபோல. இவங்க பை பிஞ்சுபோற அளவுக்கு நோயாளிங்ககிட்ட ஓடியிருக்காங்க.”

“ஓடினா செருப்புதான் பிய்யும்,” என்றார் அத்தை, தலை நிமிராமல்.

பல ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் பயிற்சிக்கு வந்து தங்கும் ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் இருந்தது அத்தையின் தையல்கடை. குண்டூசி பள்ளி முடித்ததிலிருந்து அங்கேதான் வேலை. ஒருவர் வருடத்துக்கு மூன்று மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். போன வருடம் ஒன்றை அப்பா சொன்னார்: இருப்பதிலேயே உயரமான கட்டடம். இன்னொன்றை அத்தை சொன்னார்: வகுப்பு முடிந்ததும் கடைக்கு வந்துவிடலாம். மூன்றாவது குண்டூசியின் சொந்தத் தேர்வு. விளம்பரப் படத்தில் மரங்கள் அழகாக இருந்தன. மூன்றும் கையை விரித்துவிட்டன.

இந்த வருடம் கடைசி வாய்ப்பு. அத்தை வருட முடிவில் மகன் வீட்டோடு போகப்போகிறார். இடம் கிடைக்காவிட்டால் கடை குண்டூசி தலையில் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது.

மாலையில் கோட்டுக்காரி வந்தாள். நெட்டையான பெண், கடைசி வருடப் படிப்பு. குண்டூசி மரியாதையோடு கேட்டாள்.

“அக்கா, என்ன வேலை செஞ்சு பை இப்படிப் பிஞ்சுது?”

“வேலையா? கேன்டீன்ல கூட்டம் தாங்காது. சாப்பாட்டு டப்பாவைப் பையில திணிச்சுக்கிட்டுத் திரிவேன். நேத்து கதவுப் பிடியில மாட்டிக்கிச்சு.”

அத்தை மெஷினை நிறுத்தினார். சிரிப்பதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

விஷயம் தெரிந்ததும் கோட்டுக்காரியும் சிரித்தாள். “நானும் முதல் தடவை இடம் கிடைக்காம நின்னவதான். ஏன் வேண்டாம்னாங்கன்னு கேட்டியா?”

“கேக்கலாமா?”

“கேட்டா சொல்லுவாங்க. அதுக்குன்னே ஆள் இருக்கு.”

இது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. முகத்தில் அடித்தாற்போலச் சாத்திய கதவைத் தட்டி, ஏன் சாத்தினீர்கள் என்று யார் கேட்பார்கள்?

மறுநாள் கடையிலிருந்தே போன் செய்தாள். பஸ் ஓட்டுகிற அப்பாவும் இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தார்.

உயரமான கட்டடத்தில் ஒரு பெரியவர் எடுத்தார். “ஒரு தடவை வேண்டாம்னவங்களை நாங்க திரும்பப் பாக்கறதில்லைம்மா. விவரப் புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே.”

“அப்படி என்ன பிடிவாதம்?” என்றார் அப்பா.

“உனக்கேத்த காலேஜ்டா தம்பி. நீ வேணா சேந்துக்கோ,” என்றார் அத்தை.

அத்தை சொன்ன பக்கத்துக் கல்லூரி கேட்கிற வேதியியல் மதிப்பெண், குண்டூசியிடம் இருந்ததற்கு எட்டாத உயரத்தில் இருந்தது. போன வருடமும் அதே கதைதான். இப்போது அத்தை கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

மரங்கள் இருந்த கல்லூரியில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். “மார்க் பரவாயில்லை. ஆனா பள்ளி முடிச்சு ஒரு வருஷம் என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரிகூட இல்லையே. சும்மா இருந்தீங்கன்னு நினைச்சிருப்பாங்க.”

குண்டூசி அப்பாவைப் பார்த்தாள். ‘தையல்கடைன்னு எழுதாதே, இளக்காரமா நினைப்பாங்க’ என்று சொன்னவர் அவர்தான். அவர் சுவரில் தொங்கிய அளவு நாடாவை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தையல்கடையில வேலை பாக்கறேன். உடம்பு முடியாதவங்க வார்டுக்குப் போயும் அளவெடுப்பேன்.”

“அதை எழுதுங்கம்மா. முதலாளிகிட்ட ஒரு கடிதம் வாங்கி வைங்க. வேலையை மதிச்சு எடுக்கற காலேஜாப் பாத்துப் போடுங்க.”

அன்று துணி வெட்டும் மேசையில் துணிக்குப் பதில் கல்லூரிகளின் விவரப் புத்தகங்கள் விரிந்தன. திரும்ப வருகிறவரை எடுப்பார்களா, இருக்கிற மதிப்பெண் போதுமா, செய்த வேலையைக் கணக்கில் வைப்பார்களா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் பார்த்தார்கள். மரங்கள் இருந்த கல்லூரி தேறியது. கோட்டுக்காரியின் கல்லூரி தேறியது. அப்பா அதற்கு டப்பா காலேஜ் என்றே பெயர் வைத்துவிட்டார். மூன்றாவது புதிது, படத்தில் இன்னும் சாரம் கட்டியிருந்தது.

“கட்டடமே முடியலையேம்மா.”

“நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள அதுவும் முடிஞ்சிடும்பா.”

மூன்றுமே தூரம். எதிலிருந்தும் சாயங்காலம் கடைக்கு வர முடியாது. அத்தை இதைக் கவனித்தார். ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தார்.

பாக்கி இருந்தது முதலாளியின் கடிதம் மட்டும். வாழ்நாளில் ஒரு துணியைக்கூடத் தாமதமாகக் கொடுக்காத அத்தை, இதற்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்றார். குண்டூசி நச்சரிக்கவில்லை. அவளுக்கும் சங்கடம்தான், கடையை எடுத்துக்கொள்ள வேண்டியவளே கடையை விட்டுப் போகக் கடிதம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

கடைசியில் ஒரு மதியம், மெஷினுக்கு உறை போட்டுவிட்டு அத்தை எழுத உட்கார்ந்தார். எழுதினார், கிழித்தார்.

“மிகச் சிறந்த பெண்மணின்னு போடுக்கா,” என்றார் அப்பா.

“அது ரெடிமேட் சட்டைடா. இவளுக்குன்னு அளவெடுத்து எழுதணும். நீ போய் பஸ்ஸ ஓட்டு.”

எழுதி முடித்ததும் குண்டூசியைப் படிக்கச் சொன்னார்.

‘இவள் என் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். நோயாளிக்கு அளவெடுக்கும்போது கையைத் தூக்கு என்று சொல்லமாட்டாள். எவ்வளவு தூக்க முடியும் என்று கேட்பாள். தப்பாக வெட்டினால் மறைக்கமாட்டாள். வாயில் ஊசி வைக்காதே என்று சொன்னால் கேட்கமாட்டாள்; நீங்களாவது சொல்லிப் பாருங்கள். இவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அதனால் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.’

“கடைசி ரெண்டு வரி வேணுமா அத்தை?”

“அதுதான் கடிதம். மத்ததெல்லாம் லைனிங்.”

கல்லூரிக்கு ஒன்றாக மூன்று பிரதிகளையும் அத்தை தன் கைப்படவே எழுதினார். நகல் எடுக்கலாமே என்றபோது அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். பிறகு உறைகளில் போட்டு ஒட்டி, மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, முடித்த துணியை வாடிக்கைக்காரரிடம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

“சரிபாத்து வாங்கிக்கோ,” என்றார்.