பத்தாவது பாட்டு

வேனிலிருந்து பழைய ஸ்டீரியோவைக் கழற்றியபோது உள்ளே ஒரு சிடி சிக்கியிருந்தது. கடைக்காரர் அதை நெம்பி எடுத்து, "குப்பையில போட்டுடவா?" என்றார். "கை வச்சீன்னா தெரியும்" என்று கத்தினேன். மனுஷன் மிரண்டுபோனார். புது ஸ்டீரியோவில் சிடி நுழைய வாயே கிடையாது. பென்டிரைவ், புளூடூத் எல்லாம் இருக்கிறது. யாருக்காக? இப்போது என் வேனில் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணும் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் பாட்டுப் போட்டால், "அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்கிறார்கள். எரிச்சல் வருமா வராதா? அந்தச் சிடியைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்தாலே என் அண்ணி சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

அண்ணன் திடீரென்று செத்துப்போனான். அதற்குப் பிறகு எங்கள் குருசுக்குப்பம் வீட்டில் டிவிகூடப் போடவில்லை. அண்ணி அறையை விட்டு வெளியே வரமாட்டார். பாகூர்ப் பக்கம் இருந்த அவருடைய அண்ணன், கருமாதி அன்றைக்கே தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஆரம்பித்தார். போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் அடுப்படியிலும் காலம் போய்விடும். அண்ணி பத்தாவது வரை படித்தவர். சேதராப்பட்டில் நான் வேன் ஓட்டிய சோப்புக் கம்பெனியில் பேசி ஒரு வேலை வாங்கினேன். வேலைக்குப் போகிற பொம்பளையை ஊர் என்ன சொல்லும் என்று அவர் அண்ணன் குதித்தார். நானும் குதித்தேன். கடைசியில் அவர், "ஒரு வாரம் பாக்கறன். இவ மூஞ்சி இப்படியே இருந்துச்சின்னா ஞாயித்துக்கிழம வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிடுவன்" என்றார். 

எங்கள் வேனில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்காகப் பெண்கள் தினமும் அடித்துக்கொண்டதால், முன்சீட்டில் உட்காருகிற அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னார்: ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பாட்டு. யார் ஏறுகிறாரோ அவர் கேட்ட பாட்டு. வேன் கிளம்பும்போது பிள்ளையார் பாட்டு ஒன்று, பிறகு வரிசையாக எட்டு நிறுத்தத்துக்கு எட்டு. நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டுச் சிடியில் ஏற்றி வாங்குவேன். நிறுத்தம் நெருங்கும்போது பட்டனைத் தட்டினால் அடுத்த பாட்டு வரும். அதைக் கேட்டுத்தான் தெருவுக்குள்ளிருந்து ஓடிவருவார்கள். அண்ணியிடம் உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். "எனக்கு எதுக்குப் பாட்டு?" என்றார். எங்கள் வாசலில் முதலில் ஏறப்போவது அவர்தான் என்பதால், நானாகவே ஒரு அம்மன் பாட்டை இரண்டாவதாகச் சேர்த்துப் புதுச் சிடி வாங்கினேன்.

முதல் நாள் காலை வேனை வாசலில் நிறுத்திப் பிள்ளையார் பாட்டை முடித்தேன். அண்ணி தலையைக் குனிந்தபடி வந்து ஏறினார். பட்டனைத் தட்டினேன். பறை அதிர, விசில் பறக்க, தெருவே எழுந்து ஆடுகிற மாதிரி ஒரு குத்துப் பாட்டு கிளம்பியது. கோரிமேட்டில் கடைசியாக ஏறுகிற வாயாடிப் பெண்ணுடைய பாட்டு அது. எதிர்வீட்டுக்காரி வாளியோடு நின்று, "தாலி எறங்கி இன்னும் ஈரம் காயல, கூத்தப் பாரு" என்றாள். நான் கிளட்சை விட்டுவிட்டேன். வண்டி அணைந்துபோனது. ஸ்டீரியோவை ஒரு குத்துக் குத்தி, அதைச் செய்தவனின் பரம்பரையையே திட்டினேன். பின்னாலிருந்து அண்ணி, "வண்டிய எடு தம்பி. அப்புறம் திட்டிக்கலாம்" என்றார்.

ஏதோ ஒரு பாட்டு மட்டும் இடம் மாறிவிட்டது என்று நினைத்து முத்தியால்பேட்டையில் பட்டனைத் தட்டினேன். காதல் பாட்டை எதிர்பார்த்து வந்த முன்சீட் அக்காவை உடுக்கையடியோடு அம்மன் வரவேற்றாள். "என்னாடா, என்னப் பாத்தா கோயிலு மாதிரி இருக்கா? வேப்பிலைய எங்க?" என்று அக்கா என் தோளில் அடித்தார். அடுத்து ஏறியது, அந்தோணியார் பாட்டுக் கேட்டிருந்த அம்மா. அவருக்கு முன்சீட் அக்காவின் காதல் பாட்டு. "முருகா!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கடுத்தவள் சினிமாப் பைத்தியம். அவள் அந்தோணியாருக்குக் கும்பிடு போட்டபடி ஏறினாள். ஒவ்வொருத்திக்கும் முந்தைய நிறுத்தத்துக்காரியின் பாட்டு. வேன் முழுக்கக் கூச்சல். கோரிமேட்டில் அந்த வாயாடி ஏறியதும், "எவ என் பாட்ட திருடுனது?" என்று இடுப்பில் கை வைத்தாள். முன்சீட் அக்கா பின்னால் கை காட்டி, "இதோ, புதுசா வந்தாளே இவதான்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணி நிமிர்ந்து, "நல்லாதான் இருந்துச்சு. திருப்பித் தரமாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஸ்டீரியோ எண்ணத் தெரியாத மடையன். நம்பரின் முதல் இலக்கத்தை மட்டும்தான் பார்க்கும். பத்தும் ஒன்றில்தானே தொடங்குகிறது? அதனால் ஒன்றுக்கு அடுத்து அதற்கு இரண்டு கிடையாது, பத்துதான். ஒன்பது பாட்டு இருந்தவரை தொல்லை இல்லை. அண்ணி வந்ததால் பத்தாயிற்று. அவர் ஒருவர் ஏறியதில் எல்லோருடைய வரிசையும் கலைந்துபோனது. சரிசெய்கிறேன் என்றேன். ஒருத்தியும் விடவில்லை. யாருக்கு யார் பாட்டு என்று தினமும் சண்டை போட அவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணன் மினிலாரியோடு வந்துவிட்டார். பெட்டியை எடுத்து வை என்றார். அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போவணும்ண்ணே. நான் வரல."

"அங்க என்னா இருக்குது உனக்கு?"

"வேன்ல எனக்கு ஒரு பாட்டு இருக்குது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். கோபத்தோடு உட்கார்ந்து, கோபத்தோடு சோறு வாங்கிச் சாப்பிட்டு, எப்படிப்பட்ட வேன் என்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அங்கேயே படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் தெருவில் கையைக் கட்டி நின்றார். எதிர்வீட்டுக்காரியும் நின்றாள். அண்ணி குழந்தையின் தலையைத் தடவிவிட்டு ஏறினார். இவர்களுக்கு முன்னால் எதற்கு வம்பு என்று நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டினேன். பறைச் சத்தம் கொசு முனகுகிற மாதிரி கேட்டது.

அண்ணி ஜன்னல் கண்ணாடியை முழுதாகத் திறந்தார். தெருவைப் பார்த்தபடியே சொன்னார்:

"சத்தத்தக் கூட்டு தம்பி."